உயிர் எப்படி மெய்யாகிறது: கிரேக்க மொழியின் இ, உ குறித்த நிகழ்வு ஆய்வு

சைப்ரஸ் தீவில் கிரேக்கம் பேசுபவர்கள் கிராமத்தை 'ஹொர்கோ' என்கிறார்கள். ஏதென்ஸில் அதே சொல் 'ஹொர்யோ'. இரண்டுக்கும் மூலம் 'ஹொரீஒன்'. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், ஈ இருந்த இடத்தில் ய் வந்திருக்கிறது, பிறகு அதே இடத்தில் க் வந்திருக்கிறது. 'நிறுத்தினேன்' என்பதற்குப் பழங்கிரேக்கம் 'ஏபஉஸ' என்றது, இன்றைய பேச்சு 'ஏபப்ஸ' என்கிறது. உ இருந்த இடத்தில் ப் நிற்கிறது.

முதலையும் முடிவையும் மட்டும் பார்த்தால் இரண்டுமே நம்ப முடியாதவை. உயிரெழுத்துக்கு வாயில் எந்தத் தடையும் இல்லை, வல்லெழுத்துக்குத் தடைதான் எல்லாம். ஆனால் நடுவில் உள்ள படிகள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வட்டாரத்திலோ ஒரு பழைய எழுத்துப்பிழையிலோ இன்னும் கிடைக்கின்றன. கிரேக்கத்தை ஆய்வுக்கு எடுக்கக் காரணமும் அதுதான். எழுத்துச் சான்று தொடர்ச்சியாக உண்டு, மாறிய வட்டாரமும் மாறாத வட்டாரமும் பக்கத்திலேயே உண்டு.

கிரேக்கச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருவதால் ஒரு சில உடன்பாடுகள் தேவை. அழுத்தம் விழும் அசையில் உள்ள உயிரை நெடிலாக எழுதியிருக்கிறோம், மற்றவற்றைக் குறிலாக. அசை எல்லையைச் சிறுகோடு காட்டும். ஃப் என்பது மேற்பல்லும் கீழுதடும் உரசும் குரலற்ற ஒலி, வ் அதே இடத்தில் குரலோடு வருவது. ஃத் என்பது நாநுனி பல்லில் உரசும் குரலற்ற ஒலி. ஹ்ய் என்பது ய் சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் காற்றை ஊதும் ஒலி.

முதல் படி: அசையை இழப்பது

உயிர் மெய்யாவது நாக்கிலோ உதட்டிலோ தொடங்குவதில்லை, அசைக்கணக்கில் தொடங்குகிறது. ஓர் அசைக்கு ஓர் உயிர் மையம். இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் இரண்டு மையங்கள் முட்டிக்கொள்ளும். மொழிகள் இதை நான்கு வழிகளில் தீர்க்கின்றன: நடுவே ஒரு மெய்யைச் செருகலாம், ஓர் உயிரை விட்டுவிடலாம், இரண்டையும் கலந்து ஒன்றாக்கலாம், அல்லது இரண்டில் ஒன்றின் அசைத் தகுதியைப் பறிக்கலாம். நான்காவது வழியில்தான் நம் கதை நடக்கிறது.

தகுதியை இழப்பது பெரும்பாலும் இகரமும் உகரமும்தான். இ சொல்லும்போது நாவின் உடல் மேலண்ணத்தை நெருங்கி நிற்கிறது, உ சொல்லும்போது பின்நா உயர்ந்து உதடுகள் குவிகின்றன. உயிர்களில் மிகக் குறுகிய வாய்வழி இவை இரண்டுக்கும்தான். கொஞ்சம் சுருக்கிச் சொன்னாலே ய், வ் போன்ற அரையுயிராகிவிடும். எகரமும் ஒகரமும் நேராக அங்கே போவதில்லை, முதலில் இகர உகரமாக உயர்ந்து பிறகுதான் போகின்றன. ஒலிவமரத்தின் பெயர் 'எ-லே-அ' என்றிருந்து 'எ-ல்யா' ஆனது அப்படித்தான். 'என்-னே-அ' (ஒன்பது) 'எ-ஞா' ஆனதும் அப்படியே.

கிரேக்கத்தில் அசை இழந்ததற்கு ஐயமற்ற தடயம் அழுத்தம். 'இதயம்' பழைய வடிவில் கர்-தீ-அ: மூன்று அசை, அழுத்தம் நடு அசையில். இன்று கர்-த்யா: இரண்டு அசை, அழுத்தம் கடைசியில். அழுத்தத்தைத் தாங்கிய உயிர் அசைத் தகுதியை இழந்ததும், தங்க இடமில்லாத அழுத்தம் வலப்பக்கம் உள்ள உயிருக்கு நகர்ந்துவிட்டது. பெ-தீ-அ (குழந்தைகள்) பெ-த்யா ஆனதிலும், ஹொ-ரீ-ஒன் ஹொ-ர்யோ ஆனதிலும் இதே நகர்வு. இடைக்காலக் கிரேக்க நாட்டுச் செய்யுளின் வரி 15 அசை கொண்டது. அந்தக் கணக்கில் வைத்துப் படித்தால், பேச்சுமொழியில் எழுதியவர்கள் 'இ + உயிர்' தொடரை ஓர் அசையாக எண்ணிய இடங்கள் தெரியும். எழுத்தில் இரண்டு உயிராகவே இருக்கும், யாப்புதான் உண்மையைச் சொல்லும்.

இங்கேதான் பலர் தவறும் ஓர் இடம் உண்டு. செருகுமெய்யையும் மாறிய மெய்யையும் ஒன்றாகக் கருதிவிடுகிறார்கள். தமிழில் மணி + அடித்தது = மணியடித்தது. இதில் ய் வந்தது, ஆனால் இகரம் எங்கும் போகவில்லை. ம-ணி-ய-டித்-த-து என்று எண்ணிப் பார்த்தால் அசை குறையவே இல்லை. இது உடம்படுமெய், செருகல். கர்-தீ-அ கர்-த்யா ஆனபோதோ ஓர் அசை குறைந்தது, இகரம் தனியாக எங்கும் மிஞ்சவில்லை. ஆகவே சோதனை எளிது: மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அசையை எண்ணுங்கள். குறையாவிட்டால் அது செருகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாம் படி: உரசல்

அசை இழந்த இகரம் இப்போது மெய்க்குப் பின்னால், உயிருக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது. அங்கே அது பக்கத்து மெய்யின் குணத்தை வாங்கிக்கொள்கிறது. ஏதென்ஸ் கிரேக்கத்தில் அதன் வடிவங்கள் இவை:

குரலுள்ள மெய்க்குப் பின் (கர்-த்யா, இதில் த் குரலோடு ஒலிப்பது; ஹே-ர்ய 'கைகள்') குரலுள்ள, லேசாக உரசும் ய்.
குரலற்ற மெய்க்குப் பின் (ப்ஹ்யா-னொ 'பிடிக்கிறேன்', மா-த்ஹ்ய 'கண்கள்') குரலற்ற ஹ்ய்.
மகரத்துக்குப் பின் (மீ-அ 'ஒருத்தி' என்பது ம்ஞா) ஞ்.
ன், ல் என்பவற்றோடு சேர்ந்தால் தனி ஒலியாகவே நிற்பதில்லை. முன்னிருக்கும் மெய்யை அண்ணத்துக்கு இழுத்துவிட்டு அதற்குள் கரைந்துவிடும்.

இதில் குரலற்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். ப் சொன்னதும் குரல்வளை திறந்தே இருக்கிறது. காற்று தடையில்லாமல் வேகமாக மேலே வருகிறது. நாக்கு ஏற்கெனவே அண்ணத்தை நெருங்கியிருப்பதால், அந்தக் குறுகிய வழியில் வேகமான காற்று சுழன்று இரைகிறது. நாக்கின் நிலையில் மாற்றம் ஏதும் தேவையில்லை, காற்றின் வேகம் மட்டும் கூடினால் போதும், அரையுயிர் உரசொலியாகிவிடும். குரலுள்ள இடத்தில் குரல்நாண்கள் மாறி மாறி மூடிக் காற்றைக் குறைப்பதால் உரசல் மெலிவாகவே இருக்கும். 'உயிர் மெய்யாகிறது' என்ற மாற்றத்தைத் தேடுபவர்கள் முதலில் க், ச், த், ப் ஆகியவற்றுக்குப் பின்னால் தேடச் சொல்வது இதனால்தான்.

மகரத்துக்குப் பின் ஞகரம் வருவதற்கும் உடற்கூற்றில் விடை உண்டு. மூக்குவழியைத் திறந்து வைத்திருக்கும் மெல்லண்ணம் மூடுவதற்கு முன்பே நாக்கு அண்ணத்துக்கு ஏறிவிடுகிறது. அண்ண இடமும் மூக்கொலியும் சேர்ந்தால் ஞ். தமிழர் காதுக்கு இது பழக்கமான கூட்டணி. காய்ந்து → காஞ்சு, மேய்ந்து → மேஞ்சு, ஐந்து (அய்ந்து) → அஞ்சு ஆகியவற்றில் ய் தன் அண்ணத் தன்மையை 'ந்த்' தொடருக்குக் கொடுத்து 'ஞ்ச்' ஆக்கிவிட்டு மறைகிறது. ஐகாரத்தின் கடைசிப் பாதி உயிரா மெய்யா என்ற கேள்வியைத் தொல்காப்பியம் நேராகவே எடுத்துக்கொள்கிறது. 'அகர இகரம் ஐகாரம் ஆகும்' என்று சொன்னபின், அகரத்தை அடுத்த யகரப் புள்ளியும் ஐகாரம் போல ஒலிக்கும் என்கிறது. 'இகர யகரம் இறுதி விரவும்' என்று இன்னொரு நூற்பா. உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு நாய், நாஇ. எல்லை எங்கே வழுக்குகிறது என்று அவ்வளவு துல்லியமாகச் சுட்டியிருக்கிறார்கள்.

மூன்றாம் படி: அடைப்பு

சைப்ரஸ் வட்டாரம் உரசலோடு நிற்கவில்லை. அண்ணத்தை நெருங்கிய நாக்கு அங்கே முழுதாக முட்டிவிட்டது. ஏதென்ஸில் ப்ஹ்யா-னொ, சைப்ரஸில் ப்க்யான்-னொ. ஏதென்ஸில் மா-த்ஹ்ய, சைப்ரஸில் மாஃத்-க்ய. கர்-த்யா அங்கே கர்-க்யா. கப்பல்கள் என்பதற்கான க-ரா-வ்ய அங்கே க-ராஃப்-க்ய. ரகரத்துக்குப் பின் அண்ணத்தன்மைகூட இல்லாத வெறும் க்: ஹொர்-கோ, ஷேர்-க (கைகள்).

ரகரத்துக்குப் பின் இவ்வளவு திண்மையாக மாறியது ஏன்? அசைகள் சந்திக்கும் இடத்தில், முன்னசை நாதம் (ஒலியின் முழக்கம்) மிக்க ஒலியில் முடிந்தால் பின்னசை நாதம் குறைந்த ஒலியில் தொடங்குவதையே மொழிகள் விரும்புகின்றன. ர் + ய் என்பது இரண்டு நாத ஒலிகளின் சந்திப்பு, பிரிவு தெளிவாக விழாது. ர் + க் என்றால் எல்லை கூர்மையாக விழும். இரண்டு உயிருக்கு நடுவே நிற்கும் யகரத்துக்கு இந்த நெருக்கடி இல்லை. அதனால் அங்கே அது யகரமாகவே இருக்கிறது.

மாஃத்-க்ய என்ற வடிவத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வழக்கின் மிக வலுவான சான்று அதற்குள் இருக்கிறது. மூலத்தில் இருந்தது த் (மா-தி-அ). அது ஃத் ஆனது எதனால்? பேச்சுக் கிரேக்கத்தில் பொதுவான விதி ஒன்று உண்டு: இரண்டு வல்லொலிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது உரசொலியாகும் (மேலே கண்ட ப்க்யான்-னொ இதற்கு விலக்கு). 'எப்-தா' (ஏழு) 'எஃப்-தா' ஆனது, 'ஒக்-தோ' (எட்டு) 'ஒஹ்-தோ' ஆனது. இந்த விதி யகரத்துக்கு முன் வேலை செய்யாது, வல்லொலிக்கு முன் மட்டுமே செய்யும். 'கண்கள்' என்ற சொல்லில் த் மாறியிருக்கிறது என்றால், அந்த நேரத்தில் இகரம் ஏற்கெனவே வல்லொலியாகிவிட்டது என்று பொருள். பழைய இகரத்தை மொழியின் மற்ற விதிகளும் மெய் என்றே நடத்துகின்றன. ஓர் உயிர் முழுமையாக மெய்யானதா என்று அறிய இதைவிட நல்ல சோதனை கிடையாது. காதுக்கு எப்படிக் கேட்கிறது என்பதைவிட, பக்கத்து ஒலிகள் அதை எப்படி நடத்துகின்றன என்பதே கணக்கு.

க-ரா-வ்ய என்பதில் வகரம் ஃப் ஆனதும் இதே சங்கிலிதான். சைப்ரஸ் கிரேக்கத்தில் குரலுள்ள வல்லொலி மூக்கொலியோடு சேர்ந்தே வரும், தனியே வராது. அதனால் யகரம் அடைப்பொலியாக இறுகியபோது கிடைத்த ஒரே இருக்கை குரலற்ற க். அது தனக்கு முன்னிருந்த வகரத்தின் குரலையும் பறித்தது.

உகரத்தின் பாதை

உகரத்தின் கதை இன்னும் பழையது. அதன் அசைத் தகுதி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டது. பழங்கிரேக்கத்து 'அஉ', 'எஉ' இரண்டும் கூட்டுயிர்கள். உகரம் அகரத்தின் அசைக்குள் வாலாக நின்றது. அப்போதும் அது உயிர்த்தன்மை மிக்கதாகவே ஒலித்தது. ஐயோனியா என்ற பழங்கிரேக்க வட்டாரத்துக் கல்வெட்டுகள் சில அதே கூட்டுயிரை 'அஒ', 'எஒ' என்று எழுதியிருப்பது இதற்குச் சான்று. பின்னால் ரோமானியர் கால எகிப்தியப் பாப்பிரஸ் ஏடுகளில் எழுத்தர்கள் உகரத்தையும் பீட்டா எழுத்தையும் குழப்புகிறார்கள். அதற்குள் பீட்டா 'ப்' ஒலியை விட்டு உதட்டு உரசொலியாக மாறிக்கொண்டிருந்தது. இரண்டு எழுத்தும் ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தால்தான் இப்படிப்பட்ட பிழை வரும். எழுத்துப்பிழை, ஒலிவரலாற்றுக்கு ஒலிப்பதிவு மாதிரி.

இன்றைய நிலை தெளிவு: உயிருக்கோ குரலுள்ள மெய்க்கோ முன் வ், குரலற்ற மெய்க்கு முன் ஃப். ஆவ்-ரி-ஒ (நாளை), பா-வொ (நிறுத்துகிறேன்) ஒரு பக்கம். அஃப்-தோஸ் (அவன்) இன்னொரு பக்கம். ஆர்க்கிமிடீஸ் கூவியதாகச் சொல்லப்படும் 'யுரேகா'வின் கிரேக்க வடிவம் 'ஹேஉரேகா'. அதில் உ வ் ஆகி, முன்னிருந்த எகரமும் உதிர்ந்து, இன்று 'வ்ரீ-க' என்று வழங்குகிறது. கண்டுபிடித்தேன் என்பதே இன்றும் பொருள். கூட்டுயிரின் வால், சொல்லின் முதல் ஒலியாகிவிட்டது.

அடுத்த படி ப். ஏ-பஉ-ஸ → ஏ-பஃப்-ஸ → ஏ-பப்-ஸ. ஃப், ஸ் இரண்டும் உரசொலிகள். இரண்டு உரசொலி அடுத்தடுத்து வந்தால் ஒன்று அடைப்பொலியாவது கிரேக்கப் பேச்சின் வழக்கம். இதனால் 'ஹொ-ரே-வொ' (ஆடுகிறேன்) இறந்தகாலத்தில் 'ஹோ-ரெப்-ஸ', 'து-லே-வொ' (உழைக்கிறேன்) 'தூ-லெப்-ஸ'. ஒரே வினையின் நிகழ்காலத்தில் வ், இறந்தகாலத்தில் ப், இரண்டுக்கும் மூலம் உகரம். வரலாறு தெரியாமல் இன்றைய இலக்கணத்தை மட்டும் எழுதுபவர் 'வகரம் பகரமாகத் திரியும்' என்று விதி எழுதிவிட்டு நகர்வார்.

இரண்டு பாதையும் ஒரே சொல்லில் சந்திப்பது 'காது'. 'அந்தக் காதுகள்' என்பது த-ஓ-தீ-அ: சுட்டுச்சொல் 'த', பெயர் 'ஓதீஅ', நான்கு அசை. அகரமும் ஓகாரமும் முட்டி ஓகாரம் உகர வாலாகச் சுருங்கியது: தஉ-தீ-அ. பிறகு உகரம் ஃப் ஆனது: தஃப்-தீ-அ. பிறகு இகரம் அசை இழந்தது: தஃப்-த்ஹ்யா. நான்கு அசை இரண்டாகிவிட்டது. இதற்குப் பின் மக்கள் சுட்டுச்சொல்லைத் தவறான இடத்தில் பிரித்தார்கள். அகரம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று ஒருமையில் காதுக்கு 'அஃப்-தீ'. 'முட்டை' என்பதற்கான அவ்-கோ என்ற சொல்லும் 'த-ஓ-ஆ' என்பதிலிருந்து இப்படித்தான் வந்தது. ஆனால் அதில் உள்ள ககரம் மாறிய உயிர் கிடையாது, இரண்டு உயிருக்கு நடுவே செருகப்பட்டது. வகரம்தான் பழைய ஓகாரம். ஒரே சொல்லில் செருகலும் மாற்றமும் தோளோடு தோள் நிற்பதால், அசை எண்ணாமல் இதைப் பிரிக்க முடியாது.

மாறாதவையும் தவறான தடங்களும்

விதி இருந்தும் மாறாத சொற்கள்தான் ஆய்வாளரை அலைக்கழிக்கும். அவற்றில் மூன்று வகை உண்டு. த்ரி-ஆன்-த (முப்பது), க்ரி-ஓ-னொ (குளிர்கிறது எனக்கு), ஆ-க்ரி-அ (காட்டுத்தனமான) ஆகியவற்றில் இகரம் அசையோடு அப்படியே இருக்கிறது. முன்னால் 'மெய் + ர்' இருக்கும்போது ய் சேர்ந்தால் மூன்று மெய் கூடிவிடும், வாய் அதை ஏற்கவில்லை. இது ஒலிக்காரணம்.

இரண்டாவது வகை ஏட்டுச்சொற்கள். கற்றோர் வழக்கிலிருந்து பின்னாளில் மீண்டும் எடுக்கப்பட்டவை, மாற்றம் நடந்து முடிந்தபின் வந்ததால் அதில் சிக்கவில்லை. ஒரே எழுத்தில் எழுதப்படும் இரண்டு சொற்கள் இதைக் காட்டும்: 'ஆ-தி-அ' என்றால் அனுமதி, 'ஆ-த்ய' என்றால் காலியானது (பெண்பால்). வினைகளிலும் உண்டு: 'வெளியிட்டேன்' என்பது 'தி-மொ-ஸீ-எஃப்-ஸ' என்று ஃப்-ஓடு நிற்கிறது, ப் ஆகவில்லை. சொல்லின் வரலாற்றைப் பார்க்காமல் இவற்றை விதிவிலக்கு என்று பட்டியலிட்டால், விதியே இல்லை என்ற தவறான முடிவுக்குப் போய்ச் சேருவோம்.

மூன்றாவது வகை, எழுத்து ஏமாற்றுவது. கிரேக்க எழுத்துமுறை இன்றும் அஃப்-தோஸ் என்பதை அ, உ எழுத்துகளாலேயே எழுதுகிறது, கர்-த்யா என்பதை இகரத்தோடு எழுதுகிறது. எழுத்தை மட்டும் வைத்துக் காலம் குறித்தால் மாற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். பிழையாக எழுதியவர்களும் செய்யுள் எழுதியவர்களும்தான் இங்கே நம்பத்தக்க சாட்சிகள்.

ஏற்கெனவே ஒருமுறை நடந்தது

சைப்ரஸின் ப் + ய் → ப்க் என்ற மாற்றத்தை ஏதோ தீவின் தனிப்பழக்கம் என்று ஒதுக்க முடியாது. கிரேக்கத்தின் வரலாற்றுக்கு முந்தைய காலத்தில், வினைகளை ஆக்கிய ஒரு விகுதி யகரத்தில் தொடங்கியது. 'திருடு' என்ற வேர் க்லெப். க்லெப் + யோ = க்லெப்தோ (திருடுகிறேன்). யகரம் தகரமாகிவிட்டது. மெலித் (தேன்) + ய = மெலிஸ்ஸ (தேனீ), அல் + யொஸ் = அல்லொஸ் (மற்றவன்) ஆகியவற்றில் யகரம் முன்மெய்யை மாற்றிவிட்டு அதற்குள் மறைந்தது. 'அல்லொஸ்' என்பதற்கு நிகரான லத்தீன் சொல் 'அலியுஸ்', அதில் இகரம் இன்னும் தெரிகிறது. ஆக, பகரத்துக்குப் பின் நின்ற யகரம் ஒரே மொழியில் இரண்டு முறை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இடைவெளியில், வல்லொலியாக இறுகியிருக்கிறது. பின்னர் க்லெப்தோவின் 'ப்த்', 'ஏழு' சென்ற வழியிலேயே சென்றது. இன்று திருடன் 'க்லேஃப்-திஸ்'.

லத்தீனிலும் படிகள் மாறவில்லை. அப்பெண்டிக்ஸ் ப்ரோபி எனப்படும் பழைய திருத்தப் பட்டியல், திராட்சைத் தோட்டத்தை 'வினேஅ என்று சொல், வினிஅ என்று சொல்லாதே' என்று கண்டிக்கிறது. எகரம் இகரமாக உயர்ந்த முதல் படி அந்தக் கண்டிப்பில் பதிவாகியிருக்கிறது. பிரெஞ்சில் அது 'வீஞ்' ஆனது, கிரேக்கத்தின் 'எஞா'வுக்கு உடன்பிறப்பு. சிவப்பைக் குறித்த 'ருபெஉஸ்' பிரெஞ்சில் 'ரூஜ்', கூண்டைக் குறித்த 'கவேஅ' 'காஜ்'. குரலுள்ள மெய்க்குப் பின் குரலுள்ள உரசொலி. 'ஸபிஅத்' (அறியட்டும்) 'ஸாஷ்' ஆனது, குரலற்ற பகரத்துக்குப் பின் குரலற்ற உரசொலி. ஏதென்ஸின் யகரமும் ஹ்யகரமும் பிரிந்த அதே கோடு. பிரெஞ்சு இதற்குமேல் ஒரு படி சென்று ப், வ் ஆகியவற்றையே விழுங்கிவிட்டது. உயிராக இருந்தது மெய்யாகி, முன்பிருந்த மெய்யின் இடத்தையும் எடுத்துக்கொண்டது.

மாறாத வட்டாரங்கள்

ஒப்பிட்டுச் சரிபார்க்க மாறாத வட்டாரங்கள் வேண்டும். கருங்கடல் ஓரத்தில் வழங்கிய போந்தஸ் கிரேக்கமும், இத்தாலியின் தென்கோடியில் இன்றும் பேசப்படும் கிரேக்கமும் அதற்கு உதவுகின்றன. இரண்டிலும் இதயம் 'கர்-தீ-அ'தான்: மூன்று அசை, அழுத்தம் பழைய இடத்தில். போந்தஸில் அழுத்தமற்ற இடத்தில் இகரமும் அகரமும் முட்டினால், தீர்வு வேறு வழியில் போகிறது. இரண்டும் கலந்து, எகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவிலுள்ள ஒரே உயிராகின்றன. 'கண்கள்' அங்கே அந்தக் கலப்புயிரில் முடிகிறது. யகரம் பிறக்கவில்லை, அதனால் அது ககரமாக இறுகும் வாய்ப்பும் எழவில்லை, ககரம் இல்லாததால் தகரம் ஃத் ஆகவும் இல்லை. 'கண்கள்' என்ற ஒரே சொல்லை ஏதென்ஸ், சைப்ரஸ், போந்தஸ் மூன்றிலும் பதிவு செய்து அடுத்தடுத்துக் கேட்டால், எந்தப் படி எங்கே நின்றது என்பது காதிலேயே விழும்.